பாஸுக்குக் கட்டம் கிடையாது

கூடைப்பந்து ஆட்டத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவனை யாரும் கவனிப்பதில்லை. தப்பு நேர்ந்தால் மட்டும் மைதானமே திரும்பிப் பார்க்கும். பதினெட்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவன் நான். வார நாட்களில் படப்பை தாண்டி ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. சனி, ஞாயிறு தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எங்கே ஆட்டம் நடந்தாலும் சிவப்புப் பேனா, நீலப் பேனா, அடிஸ்கேல் சகிதம் கிளம்பிவிடுவேன். முதல் குவார்ட்டருக்கும் மூன்றாவதுக்கும் சிவப்பு, மற்ற இரண்டுக்கும் நீலம். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இவ்வளவு சுத்தமாகத் தாள் எழுதுகிற ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று ஒரு நடுவர் சொன்னதை என் மனைவியிடம் குறைந்தது பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவளும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டியிருக்கிறாள்.

ஸ்கோர் எழுதுகிறவனுக்கு ஆட்டக்காரர்களின் பெயர் மனதில் நிற்காது, எண்தான் நிற்கும். அவள் எனக்கு ஏழு. பெயர் தெரியாமல் இல்லை. இப்படி ஒன்று எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதிக்கோண்ணா, ஆனா பேரு போடாத. எங்கம்மா அத எடுத்துகினு குடியிருப்புல பிளாக் பிளாக்கா காட்டும்" என்றாள். அதனால் இங்கேயும் ஏழுதான்.

அவளை முதலில் கவனித்தது ஒரு கிளப் ஆட்டத்தில். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் கோர்ட், நல்ல வெயில். அவளுடைய கிளப் அறுபத்தொன்று, எதிரணி முப்பத்தொன்பது. ஆட்டம் முடிந்து கூட்டல் போட்டேன். ஏழாம் எண்ணுக்கு நேரே இரண்டே இரண்டு புள்ளி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் முழுக்கப் பந்து அவள் கையில்தான் இருந்தது. நான்தான் எங்கேயோ கோட்டைவிட்டுவிட்டேன் என்று நினைத்து, பக்கத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சரியாத்தான் சார் எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணு போடல. மத்தவங்கள போட வச்சது."

வீட்டுக்கு வந்தும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் தாளில் யார் கூடை போட்டார்கள் என்று எழுத இடம் உண்டு. யார் ஃபவுல் செய்தார்கள், எந்த அணி எப்போது டைம் அவுட் கேட்டது, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பாஸ் கொடுத்தவருக்குக் கட்டம் கிடையாது. பெரிய ஆட்டங்களில் அதை எண்ணுவதற்கென்றே கம்ப்யூட்டரோடு தனியாக ஆள் உட்காருவார்களாம். எங்கள் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு தாள், நான். பாயிண்ட் கார்டு என்று ஓர் இடம் உண்டு ஆட்டத்தில். பந்தை மேலே கொண்டுபோவது, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் அந்த இடத்தில் ஆடுகிறவர் வேலை. அந்த வேலையை ஒருத்தி எவ்வளவு நன்றாகச் செய்கிறாளோ அவ்வளவுக்கு அவள் பெயருக்கு நேரே என் தாள் காலியாக இருக்கும். இது எனக்கு அதற்கு முன் உறைத்ததே இல்லை.

ஆள் உயரம் ஐந்தடி இரண்டங்குலம் இருந்தால் அதிகம். இடது முழங்காலில் எப்போதும் ஒரு கறுப்பு உறை. முகத்தில் யார்மேலோ கோபம் என்பதுபோல ஒரு சுளிப்பு, அது வெயிலுக்காகக்கூட இருக்கலாம். வாய் மட்டும் ஓயாது. "ரைட்ல போ, ரைட்ல போ. நில்லு. நீ இன்னாத்துக்கு அங்க வந்த? மூலைக்குப் போ." நாற்பது நிமிடமும் இதே பாட்டு. ஆனால் பந்து கையிலிருந்து போகும்போது வாயும் மூடிக்கொள்ளும், கண்ணும் வேறு எங்கேயோ பார்க்கும். பந்து வந்து சேருகிற பெண்ணுக்கே சில நேரம் அது ஆச்சரியமாக இருக்கும்.

மொத்த ஆட்டத்தையும் தலையில் வைத்திருப்பாள். ஒருநாள் டைம் அவுட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டே மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, எங்க ஒம்போதுக்கு எத்தினி ஃபவுல்?"

"மூணு."

"நாலுண்ணா. செகண்ட் குவார்ட்டர்ல அந்த ஃபவுல டீம் கணக்குல மட்டும் போட்டுட்ட போல. ஒம்போதுதான் கைய புடிச்சா."

எனக்குச் சுருக்கென்றது. என் தாளில் தப்பா என்று கொஞ்சம் விறைப்பாகவே நடுவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான்கு என்றார் அவர். ஏழு அதற்குள் அங்கே இல்லை. தன் கோச்சிடம் போய், ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போவதற்குள் ஒன்பதை உட்கார வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று நிமிடம் ஒன்பது திரும்ப இறங்கி எட்டுப் புள்ளி போட்டாள். அந்த எட்டும் என் தாளில் இருக்கிறது. ஒன்பதை அந்த மூன்று நிமிடத்துக்காகப் பத்திரப்படுத்தியவள் அதில் இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம். பெருந்தன்மையான காரியம் எதையாவது செய்தால் உடனே அதற்கு ஒரு தொழில் காரணம் சொல்லிவிடுவாள். ஒருமுறை எதிரே ஆளே இல்லை, நேராகப் போய்ப் போட்டுவிட்டு வரலாம். பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த ஒரு புதுப் பெண்ணுக்காக நின்று பந்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் தட்டுத்தடுமாறிப் போட்டாள். கோச் எகிறினார்.

"கையில கெடச்சத எதுக்கும்மா தானம் பண்ற? நீயே போட வேண்டியதுதான?"

"போட்ருக்கலாம் சார். ஆனா அது நாலு நிமிஷமா பந்தே தொடல. பந்து தொடாதவ டிபென்ஸுக்கு ஓடமாட்டா சார். இப்ப பாருங்க."

பார்த்தேன். அடுத்த நிமிடம் அந்தப் புதுப் பெண் யாரும் சொல்லாமலே குறுக்கே விழுந்து எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்கினாள். முழங்கையில் ரத்தம் வேறு. ஏழு அவளைத் தூக்கிவிடக்கூட இல்லை. பந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய். பிடிவாதக்காரி. ஒரு ஆட்டத்தில் உயரமான பெண் ஒருத்தி இடது மூலைக்குப் போக வேண்டியவள், வெயிலில் சோர்ந்து நடுவிலேயே நின்றுவிட்டாள். ஏழு பந்தைக் காலி மூலைக்கு எறிந்தாள். பந்து வெளியே போனது. சரி, கவனக்குறைவு என்று நினைத்தோம். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பெண் மறுபடி நடுவில் நிற்கிறாள், ஏழு மறுபடி பந்தைக் காலி மூலைக்கே எறிகிறாள். கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அந்தப் பெண் அழுதுகொண்டே மூலைக்கு ஓடினாள். பந்து அவள் கையில் வந்து விழுந்தது, கூடையும் விழுந்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

"ரெண்டு பந்த வீணடிச்சியேம்மா," என்றேன், தாளை மடித்துக்கொண்டே. எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

"நான் சரியான எடத்துலதாண்ணா போட்டேன். அவதான் அங்க இல்ல."

"அதுக்காக ஆட்டத்தையே விடுவியா?"

"இன்னைக்கு ஒண்ணு போச்சு. இனிமே எப்பவும் அங்க நிப்பா."

நின்றாள் என்பது வாஸ்தவம். அதற்காக ஒரு பெண்ணைப் பத்துப் பேர் நடுவில் அழவைக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மைதானத்துக்கு வெளியிலும் அவளால் சும்மா இருக்க முடியாது. நான் முடிச்சூர் பக்கம் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது கிளப்பில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். பந்தி மொட்டைமாடியில். படிக்கட்டோ குறுகல். சாப்பிட ஏறுகிறவர்களும் சாப்பிட்டு இறங்குகிறவர்களும் நடுப்படியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பரிமாறுகிறவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்தார்கள். என் மைத்துனர் வேட்டியில் ரசம். மானம் போகிறது என்று நான் மூலையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தபோது ஏழின் குரல் கேட்டது.

"அக்கா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. பெரியவங்களுக்குக் கீழயே ஹால்ல போட்ருங்க, மாடி வேணாம். அண்ணா, சாம்பார் வாளிய நீ எடுத்துகினு லெஃப்ட் கடைசிலருந்து வா. பொரியல் ரைட்லருந்து வரட்டும். நடுவுல யாரும் கிராஸ் பண்ணக் கூடாது."

என் வீட்டு விசேஷத்தில், பட்டுவேட்டியோடு, நானே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இடது கடைசியிலிருந்து வந்தேன். பத்து நிமிடத்தில் பந்தி ஒழுங்காகிவிட்டது. சமையல்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணு காண்ட்ராக்ட் எடுக்குதா சார் என்று கேட்டார். அவளோ கடைசிப் பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பிராக்டீஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதுதான் அந்த வருடங்களில் என் மனக்குறை.

எங்கள் ஊரில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்க உருப்படியான வழி ஒன்றுதான் உண்டு. அணி வைத்திருக்கிற வங்கியிலோ அலுவலகத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர வேண்டும். காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி, ஊர் ஊராகப் போட்டி. ஆட முடிகிறவரை ஆடலாம், ஆடி முடித்த பிறகும் மாதச் சம்பளம் வரும். அதற்குத் தேர்வு வைப்பார்கள், வயது வரம்பும் வைப்பார்கள். அவள் குடும்பம் பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி. அப்பா இல்லை. அம்மா விடியலில் முதல் பஸ் பிடித்துக் கோவளம் போய் மீன் எடுத்துவந்து குடியிருப்பில் விற்பார். மகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி முடித்தாள். அதற்குப் பிறகு கெஸ்ட் பிளேயராக ஓடிக்கொண்டிருந்தாள். வெளியூர் அணி எதற்காவது ஆள் குறைந்தால் ஒரு போட்டிக்கு மட்டும் கூப்பிடுவார்கள். ரயிலில் கதவோரம் உட்கார்ந்துகொண்டு போய், முன்பின் தெரியாத நான்கு பெண்களை அரை மணி நேரத்தில் ஓர் அணியாக்கி, ஜெயித்துக் கொடுத்துவிட்டு வருவாள். கோப்பை அந்த ஊரில் இருந்துவிடும்.

மூன்று இடத்தில் தேர்வுக்குப் போனாள். மூன்றிலும் இல்லை. தேர்வு ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் பந்து கொடுக்க மாட்டார்கள். எல்லோருக்கும் வேலை வேண்டும், எல்லோரும் போட்டி. பந்து கிடைத்தவள் தலையைக் குனிந்துகொண்டு ஓடிப் போய்ப் போடத்தான் பார்ப்பாள். தேர்வாளர்களும் பாதி நேரம் கைபேசியைப் பார்ப்பார்கள். கடைசியில் தாளை வாங்கி யார் எத்தனை என்று கூட்டல் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இவள் ஒருத்தி பாஸ் கொடுத்துக்கொண்டிருப்பாள். எப்படி விளங்கும்?

நான்காவது தேர்வு ஒரு வங்கிக்கு. தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. இரண்டு இடம். அடுத்த மாதம் அவளுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இதில் கிடைக்காவிட்டால் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாக அவள் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். ஷிப்ட் வேலைக்குப் போனவர்கள் திரும்ப கோர்ட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. மேஜை வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் அவளிடம் போனில் கெஞ்சினேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீயே போடும்மா."

"பாக்கலாம்ண்ணா."

அவளுடைய பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

எழுபது பேரில் வடிகட்டி மதியத்துக்குமேல் பத்துப் பேரை நிறுத்தினார்கள். நான்கு குவார்ட்டர். ஒவ்வொரு குவார்ட்டருக்கும் ஆட்களைக் கலைத்து, சிவப்புப் பனியன், மஞ்சள் பனியன் என்று புதிதாகப் பிரிப்பார்கள். வழக்கமான தாள் இதற்கு ஒத்துவராது. நானே ஒரு பெரிய வெள்ளைத்தாளில் கோடு போட்டு, யார் எப்போது எந்தப் பக்கம் என்றும், யார் எத்தனை போட்டார்கள் என்றும், அடியில் குவார்ட்டர் வாரியாகச் சிவப்பு இவ்வளவு மஞ்சள் இவ்வளவு என்றும் எழுதிவந்தேன். பந்தலுக்குக் கீழே மூன்று தேர்வாளர்கள். இரண்டு பேர் வங்கி அதிகாரிகள். மூன்றாவது ஒரு பெண், வங்கி அணியின் கோச்.

முதல் பாதி முடிந்தபோது ஏழுக்கு நான்கு புள்ளி. மூன்றாவது குவார்ட்டரில் பன்னிரண்டாம் எண் பெண், தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், நெடுநெடுவென்று நல்ல உயரம், கூடைக்கு அடியிலிருந்து வரிசையாகப் போட்டாள். போட்டதில் பெரும்பாலும் ஏழு கொடுத்த பந்துதான். கையை உயர்த்தினால் பந்து அங்கே இருக்கும். அவள் செய்ய வேண்டியது பந்தைத் தள்ளிவிடுவது மட்டும்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பன்னிரண்டு போட்ட இரண்டு கூடைகளை, நான்கு புள்ளிகளை, ஏழுக்கு நேரே எழுதினேன். எழுத்துகூட அழகாகவே வந்தது. பந்து இவளுடையதுதானே, இத்தனை வருடம் என் தாள் இவளுக்கு வைத்த பாக்கியில் நான்குதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயம் மாதிரியே இருந்தது.

குவார்ட்டர் முடிந்தது. அடுத்த குவார்ட்டருக்கான ஆட்களைப் பிரித்து வாசித்தார்கள். ஏழு மேஜைப் பக்கம் தண்ணீர் கேனுக்கு வந்தாள். டம்ளரோடு என் தாளைத் தலைகீழாகவே ஒரு பார்வை பார்த்தாள்.

"பன்னெண்டுக்கு எவ்ளோண்ணா?"

"பதினொண்ணு."

"பதினஞ்சு," என்றாள். பிறகு தன் வரிசையைப் பார்த்தாள். "எனக்கு இன்னாண்ணா எட்டு கீது? நாலுதான நான் போட்டேன்?"

"மெதுவா பேசும்மா. உனக்கு இதான் கடைசி. அந்த ரெண்டும் உன் பாஸ்லதான விழுந்துது. யாரும் பாக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. மூலைக்குப் போகாமல் நடுவில் நிற்கிறவளைப் பார்க்கிற பார்வை அது.

"அவ எண்ணிகினு கீறாண்ணா. போட்டப்பல்லாம் வெரல மடக்குறா, பாக்கலியா நீ? நாலு கொறயுதுன்னு தெரிஞ்சா அடுத்த குவார்ட்டர்ல எனக்கு எடத்துக்கு வரமாட்டா. மாத்து."

"இல்லம்மா, கொஞ்சம் யோசி..."

"மாத்துண்ணா. டைம் ஆவுது."

தாளில் எழுதியதைத் திருத்த வேண்டுமானால் நடுவரிடம் சொல்லி அவர் கையெழுத்து வாங்க வேண்டும். எழுந்து போய், இரண்டு கூடைகளை எண் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னேன். "நீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். காதெல்லாம் சுட்டது எனக்கு. நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான்காவது குவார்ட்டர் பட்டியலைப் பார்த்தேன். பன்னிரண்டு சிவப்பு, ஏழு மஞ்சள். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம். அவள் சொன்ன காரணம் பொய். மேஜைக்கு வருவதற்கு முன்பே பட்டியல் வாசித்தாகிவிட்டது, அவளுக்கும் அது தெரியும்.

கடைசிக் குவார்ட்டரில் ஏழு ஒரே ஒரு கூடை போட்டாள். மொத்தம் ஆறு. பன்னிரண்டுக்கு இருபத்தொன்று. அடுத்தது ஐந்தாம் எண், பத்தொன்பது. மூத்த தேர்வாளர் தாளை வாங்கிக் கூட்டலைப் பார்த்துவிட்டு, "பாயிண்ட்ஸ் வரிசையிலேயே ரெண்டு பேர் எடுத்துக்கலாம். பன்னெண்டு, அஞ்சு," என்றார். அடுத்த பெண்ணுக்குப் பதினாறு. என் நான்கு புள்ளி அப்படியே நின்றிருந்தால் ஐந்து முதலிலும், தேனிப் பெண் பதினேழோடு இரண்டாவதாகவும் வந்திருப்பார்கள். அப்போதும் ஏழுக்குப் பத்துதான். அதற்குள் அந்தக் கோச் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்." என்னைப் பார்த்தார். "ஒவ்வொரு குவார்ட்டர்லயும் யார் எந்தப் பக்கம்னு எழுதியிருக்கீங்களா?"

"இருக்கு மேடம்."

"ஏழு எந்தப் பக்கம், வரிசையா படிங்க."

"சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள்."

"இப்ப அடியில குவார்ட்டர் ஸ்கோர் படிங்க."

"மொதல் குவார்ட்டர் சிவப்பு பதினாறு, மஞ்சள் பதினொண்ணு. ரெண்டாவது சிவப்பு ஒம்போது, மஞ்சள் பதினெட்டு. மூணாவது..." இங்கே என் கண் அந்தத் திருத்தக் கோட்டில் போய் நின்றது. "மூணாவது சிவப்பு இருவது, மஞ்சள் பதிமூணு. நாலாவது சிவப்பு பன்னெண்டு, மஞ்சள் பதினஞ்சு."

மூத்தவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "திருப்பிப் படிங்க," என்றார்.

திருப்பிப் படித்தேன். ஆட்களைக் கலைத்தார்கள், பிரித்தார்கள், இவளை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டார்கள். இவள் எந்தப் பக்கம் போனாளோ அந்தப் பக்கம் ஜெயித்திருந்தது, நான்கு தடவையும். ஐந்தாம் எண்ணைப் பற்றிக் கோச் கேட்டார். அவள் ஆடிய பக்கம் ஒரே ஒரு குவார்ட்டர்தான் ஜெயித்திருந்தது. அது ஏழோடு சேர்ந்து ஆடிய குவார்ட்டர். பந்தலுக்குக் கீழே ஐந்து நிமிடம் விவாதம் நடந்தது. பிறகு பட்டியலை வாசித்தார்கள். பன்னிரண்டு, ஏழு.

அந்த வங்கிக்காக அவள் எட்டு சீசன் ஆடினாள். நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இனி ஆட முடியாது என்று எல்லோரும் சொன்ன பிறகு அடுத்த வருடமே வந்து நின்றாள். பன்னிரண்டாம் எண் இந்தியாவுக்கே ஆடப் போனாள், பேட்டியில் யாருக்கு நன்றி என்று கேட்டபோது இவள் பெயரைத்தான் முதலில் சொன்னாள். இவளைப் பற்றித் தனியாக ஒரு செய்தி வந்து நான் பார்த்ததில்லை. கோப்பையோடு எடுத்த படங்களில் பாதி முகம் யார் தோளுக்காவது பின்னால் இருக்கும். இப்போது ஆடுவதில்லை, வங்கியின் இளம் அணியோடு ஊர் ஊராகப் போகிறாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. கூடவே அந்தத் தேர்வு நாளின் சாயங்காலமும் நினைவுக்கு வந்துவிடும், அதைச் சொல்லாமல் முடித்தால் இது முழுசாகாது.

பட்டியல் வாசித்து முடித்ததும் கல்லூரி வாசலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அழுத கண்ணைப் பனியனில் துடைத்துக்கொண்டு, ஒரு மசால்வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். கோச் எப்படித் தாளின் அடியில் விரல் வைத்தார், மூத்தவர் எப்படித் திருப்பிப் படிக்கச் சொன்னார், எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் எப்படி ஜெயித்தது என்று நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கைகால் ஆட்டிச் சொன்னேன். உனக்கு இது தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாய் என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன் என்றேன்.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியும்ண்ணா. ஒவ்வொரு குவார்ட்டரும் அதுக்குத்தான ஆடுனேன். அடியில நீதான எழுதிகினு வந்த? நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை என்றேன்.